கிறீஸ் அடிக்கிறியா மனே?

"புதுசு மாதிரி இருக்கு" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு முற்றத்தில், வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிற மொரிஸ் மைனர் பிக்கப்பைப் பார்த்தால் யாருடைய வாயிலும் முதலில் வருவது அதுதான். தபால்காரர் சொன்னார். மீன் கொண்டுவருகிறவர் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அதில் சாய்ந்து நின்று படமெடுத்துக்கொண்டு சொன்னார்கள். சொல்லாத ஆள் ஒருவர்தான், அதை எனக்கு விற்றவர். அவர் பெயின்ற்றைப் பார்க்கவே இல்லை. குந்தியிருந்து, முன் சில்லுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிவிட்டு, "கிறீஸ் அடிக்கிறியா மனே?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வருடத்துக்கு மேலான வேலையைக் காட்டுவதற்கென்றே அவரைக் கூட்டிவந்திருந்தேன். அந்தக் கேள்வி பல மாதம் செமிக்காத சோறு மாதிரி எனக்குள் கிடந்தது.

பாதை ஏறிய வண்டி

அவருடைய ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கும் அங்கால். என்னைவிட முப்பது வயது மூத்தவர். சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். 1964ஆம் ஆண்டு வண்டியை எழுபதுகளில் இரண்டாம் கையாக வாங்கி, நாற்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார். நெல், உரம், வைக்கோல், திருவிழாப் பந்தல் சாமான், சில சமயம் பிள்ளைத்தாய்ச்சி என்று அது ஏற்றாதது இல்லை. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தார்கள். அதுவரைக்கும் வாவியைக் கடக்க வேண்டுமென்றால் பாதைதான், அதாவது வாகனங்களை ஏற்றிக் கொண்டுபோகிற தட்டைப் படகு. பாதையில் வண்டியை ஏற்றும்போதும் இறக்கும்போதும் முன் சில்லு தண்ணீரில் முங்கும். முகத்துவாரம் வெட்டித் திறந்திருக்கிற காலத்தில் அந்தத் தண்ணீரை நாக்கில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அந்த உப்புத் தண்ணீரில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை முங்கிய வண்டி நாற்பது வருடம் எப்படித் தாங்கியது என்று நான் வாங்கும்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் உரிந்த பெயின்ற், பொத்தலான தளம், கிழிந்த சீற், கூரையில் பெரிய பள்ளம்.

2019 கடைசியில் வாங்கினேன். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது, அதே மாதத்தில் வாகன இறக்குமதியையும் நிறுத்தினார்கள். கந்தோர் இல்லை, போக இடமில்லை, முற்றத்தில் ஒரு வண்டி. வேறென்ன வேண்டும்? இறக்குமதி நின்றதும் பழைய வாகனங்களின் விலை ஏறிய வேகத்தைப் பார்த்து, "பரவாயில்லை, ஏதோ புத்தியாகத்தான் செய்திருக்கிறீங்க" என்று என் மனைவியே ஒருநாள் சொன்னாள். அந்தச் சான்றிதழை அவள் பிறகு திரும்ப வாங்கிக்கொண்டாள், அது வேறு கதை.

மொரிஸ் காருக்கும் பிக்கப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காரில் பொடிதான், அதாவது வண்டியின் கூடுதான், எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது, தனிச் சட்டம் கிடையாது. தளம் உக்கினால் வண்டியே உக்கினது மாதிரி. பிக்கப்புக்கும் வானுக்கும் அடியில் தனியாக ஒரு சஸி இருக்கிறது. ஆகவே தளம் ஓட்டையாக இருந்தாலும் எனக்குப் பயமில்லை. கீழே படுத்துப் பார்த்தபோது சஸி முழுக்க கறுப்பாக, விரல் தடிப்பில், தார் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. அதில் மண், வைக்கோல் துண்டு, நெல் உமி, ஒரு பழைய சொக்லட் தாள் எல்லாம் ஒட்டியிருந்தன. இஞ்சினிலிருந்து கழற்றுகிற பழைய ஒயிலை ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை தொடங்குவதற்கு முன் தும்புக்கட்டால் சஸியில் பூசிவிடுவாராம் மாமா. வாடைக்காற்றுக்கு முன் கூரை வேய்கிற மாதிரி அதுவும் ஒரு வேலை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், சுரண்டி, மூன்று கிழமை. அவ்வளவையும் சுரண்டித் தள்ளினேன். அடியில் இரும்பு நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் மினுங்கியது. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. "பார், எவ்வளவு நல்ல சஸி!" என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்லதாக வைத்திருந்தது நான் சுரண்டி எறிந்த கறுப்புத்தான் என்பது அப்போது மண்டைக்குள் ஏறவில்லை.

13ஆம் நம்பர் ஸ்பானர்

வீட்டில் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பகுதி தெரிந்ததுதான், விரைவாகச் சொல்கிறேன். முதல் மாதத்தில் பாதி நட்டுகளின் மூலையை மழுக்கினேன். மொரிஸின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர், என்னிடம் இருந்த 13 அதில் போகும், பிடிக்கிற மாதிரியும் இருக்கும், இறுகிய நட்டில் பலம் போட்டால் வழுக்கும். பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் துருப்பிடித்த அங்குல ஸ்பானர் கட்டு ஒன்றை வாங்கிய பிறகுதான் தோல் உரிவது நின்றது. பற்றரியின் நேர்முனைதான் இந்த வண்டியில் பொடிக்குப் போகிறது, இப்போதைய வாகனங்களுக்கு எதிர்மாறு. அதை மறந்து ஃபோன் சார்ஜர் ஒன்றை மாட்டினேன், புகை வந்தது. ஆனால் முதல்முறை சாவியைத் திருப்பியபோது எஸ்.யூ. பெற்றோல் பம்ப் டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்து, காபரேட்டர் நிரம்பியதும் மெல்ல மெல்ல அடங்கிய அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காக இன்னொரு சார்ஜரையும் எரிக்கலாம்.

பழைய வாகனப் பாகங்கள் விற்கிற கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு இரவுக் கோச்சியில் நான்கு தடவை போயிருப்பேன். லண்டனில் இருக்கிற மச்சான் றப்பர் சாமான்கள், பிறேக் வாஷர்கள் எல்லாம் பார்சலில் அனுப்பினான். தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையம் ஒன்றுக்காக இலங்கையிலேயே பாகங்கள் செய்து அனுப்பினார்கள் என்று அவன்தான் சொன்னான். இங்கே அடித்த தகரம் அங்கே போய், அங்கேயிருந்து தபாலில் திரும்பி வருகிற மாதிரி ஒரு வட்டம். என் பார்சலில் அப்படி ஏதும் வந்ததா என்று பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்த வேலை தகர வேலையும் பெயின்ற்றும்தான். அரசடியில் இருந்து வந்த டிங்கர் பாஸ் தளத்துக்கு 18 கேஜ் தகரம் வெட்டி ஒட்டித் தந்தார். மீதியை நானே செய்தேன். இடதுபக்க மட்கார்டுக்கு மட்டும் பதினொரு நாள். புட்டி, தண்ணீர்க் கடதாசி, திரும்பப் புட்டி. கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினால்தான் மேடு பள்ளம் தெரியும் என்று பாஸ் சொல்லித்தந்திருந்தார். நான் கண்ணை மூடித் தடவுவதைப் பார்த்து மனைவி சிரித்தாள். கடைசியில் இளம்பச்சை அடித்தோம். அடிப்பக்கம் முழுக்க, சஸி, சஸ்பென்ஷன் கைகள், சில்லுக்குள்பக்கம் எல்லாம், பளபளவென்று கறுப்பு. இரண்டு பூச்சு. ஒரு மூலை முடுக்கு விடவில்லை.

முன் சில்லை ஆட்டிப் பார்க்கும்போது இடது பக்கம் கொஞ்சம் தளர்ச்சி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பெயின்ற் முடியட்டும், பிறகு கழற்றிப் பார்ப்போம் என்று வைத்தேன். பெயின்ற் முடிந்த பிறகு அதைக் கழற்ற யாருக்கு மனம் வரும்?

மாமா வந்த நாள்

2022 மார்ச். பெற்றோல் வரிசைகள் நீளத் தொடங்கிய நேரம். மகனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நான் படங்கை உரித்தேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கூரையைத் தடவியபோது மட்டும் ஒரு கணம் நின்றார். அந்தப் பள்ளம் 1978 சூறாவளியில் தென்னை விழுந்து வந்தது என்று விற்கும்போது சொல்லியிருந்தார், அதை நான் புட்டியால் நிரப்பிவிட்டேன். எனக்கு உடனே குற்ற உணர்ச்சி. "அதை அப்படியே விட்டிருக்கலாமோ மாமா, உங்கட ஞாபகமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது தட்டக் காசில்லாம விட்டது மனே. இப்பதான் வடிவா இரிக்கி" என்றார். பழையதின் தழும்பைப் போற்றுவது பற்றி நான் வாசித்திருந்த அத்தனையும் அந்த இடத்திலேயே முடிந்தது. அவருக்குத் தழும்பு வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் குந்தினார். முன் சில்லுக்குப் பின்னால் கையை விட்டார். கை வெளியே வந்தபோது விரல் காய்ந்து, சுத்தமாக இருந்தது. கேள்வியைக் கேட்டார். "இன்னும் அவ்வளவு ஓடேல்ல மாமா" என்றேன். திரும்பக் கையை விட்டு நகத்தால் எதையோ சுரண்டினார். நகக்கண்ணில் கறுப்புப் பெயின்ற் துகள். "இதுக்கும் பெயின்ற்றா?" என்றார். கிறீஸ் நிப்பிளை, கிறீஸ் உள்ளே போகிற அந்தச் சின்ன வாயைச் சொல்கிறார். நான் சிரித்து மழுப்பினேன். "தூக்கிப்போட்டு அடிக்கணும், மறுகா பாரத்தில வச்சு அடிச்சா உள்ள போகாது" என்றார். தேத்தண்ணி குடித்தார், தோட்டத்து முருங்கைக்காய் நான்கைந்து வாங்கிக்கொண்டு போனார்.

வயதானவர்களுக்கு எதிலாவது ஒரு பிழை கண்டால்தான் மனம் ஆறும் என்று அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். பிறகு சில நாட்களுக்கு அவர் சுரண்டிய அந்த நகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஆனாலும் ஜாக் எடுத்து வண்டியைத் தூக்கவில்லை. அதற்குள் பெற்றோல் முற்றாகவே இல்லாமல் போயிற்று. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். வந்த பிறகும் கிழமைப் பங்கு மோட்டார் சைக்கிளுக்கும் பிக்கப்புக்கும் பங்கிட்டால் எதற்கும் போதாது. வண்டி பெரும்பாலும் நின்றது. ஓடாத வண்டிக்கு எதற்குக் கிறீஸ்?

டச்பார் வளைவு

அந்த டிசம்பர், மழை விட்ட ஒரு காலை. மகள் பக்கத்தில் இருந்தாள். பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குக் கதிரைகள் ஏற்றப் போய்க்கொண்டிருந்தோம். கல்லடிப் பாலம் தாண்டி டச்பார் வீதிக்குத் திரும்ப வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் ஸ்டியரிங்கை வெட்டினேன். வேகம் மிஞ்சிப்போனால் பதினைந்து. தேங்காய் ஒன்றைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். இடது முன்பக்கம் அப்படியே குந்திற்று. ஸ்டியரிங் கையிலிருந்து தானாகச் சுற்றியது, இரும்பு தாரைக் கிழிக்கிற சத்தம், வண்டி நின்றுவிட்டது. மகள் "அப்பா, என்ன உடைஞ்சது?" என்று கேட்ட குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. என் கைதான் நடுங்கியது. இறங்கிப் பார்த்தால் சில்லு மடிந்து, முறிந்த கால் மாதிரி மட்கார்டுக்குள் சாய்ந்து கிடந்தது. பதினொரு நாள் தடவிய மட்கார்டு ரயரின் மேல் நசிந்திருந்தது. பிறேக் குழாய் இழுபட்டு நின்றது, அறவில்லை. பாலத்தின் நடுவில், ஐம்பதில் போகும்போது இது நடந்திருந்தால் என்று அதற்கு மேல் யோசிக்க நான் விரும்பவில்லை.

நான்கைந்து பேர் கூடித் தூக்கி ஓரத்தில் விட்டோம். மொரிஸ் வைத்திருந்த ஒரு கடைக்காரர் குனிந்து பார்த்தவுடன், "ட்றனியன்" என்றார், காய்ச்சலைப் பார்த்து டெங்கு என்று சொல்கிற டொக்டர் மாதிரி. இந்த வண்டியின் முன் சில்லைத் தாங்குவது நிமிர்ந்து நிற்கிற ஒரு தடித்த பின். அதன் மேல் முனையும் கீழ் முனையும் மரைபோட்டு இரண்டு ட்றனியன்களுக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது. பாரமும் அதிலே, திருப்பமும் அதிலே. மரைக்குள் கிறீஸ் இல்லாவிட்டால் இரும்பு இரும்பைத் தின்னும். தின்றுமுடிந்த ஒருநாள் பின் கீழ் ட்றனியனிலிருந்து கழன்று வந்துவிடும். அநேகமாக மெதுவாகத் திரும்பும்போதுதான் வரும், அது ஒரு புண்ணியம். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை, அதாவது சுமார் 1,600 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, அடிக்க வேண்டும் என்பார்கள் இதை ஓட்டுகிறவர்கள். நானும் வாசித்திருந்தேன், அதுதான் வெட்கம்.

வீட்டில் கழற்றிப் போட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்முனையில் மரை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேடுகள் முதலில் கத்தி முனை மாதிரிக் கூராகி, பிறகு மழுங்கி, கடைசி இரண்டு சுற்றில் வெறும் வழவழப்பு. ட்றனியனைத் தட்டினால் மிளகாய்த்தூள் நிறத்தில் காய்ந்த துரு கொட்டியது. அதன் நிப்பிளின் வாயில் என் கறுப்புப் பெயின்ற் கண்ணாடி மாதிரி மூடியிருந்தது, இரண்டு பூச்சு. கிறீஸ் துப்பாக்கியை வைத்து அமுக்கிப் பார்த்தேன், ஒரு துளி உள்ளே போகவில்லை. மேல்முனையைக் கழற்றியபோதுதான் எனக்கு உண்மையில் ஒரு மாதிரியாகிவிட்டது. அதற்குள் கறுத்துப்போன பழைய கிறீஸ் இன்னும் இருந்தது, தொட்டால் விரலில் இழுபட்டது. மாமா அடித்தது. என் மண்ணெண்ணெய் கீழ்முனையைக் கழுவிவிட்டது, மேலே எட்டவில்லை. நான் விலை கொடுத்து வாங்கியதில் மிஞ்சியிருந்தது அந்தக் கரண்டி கிறீஸ்தான் என்று தோன்றியது. வலது பக்கத்தையும் கழற்றினேன். அதுவும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது, இன்னும் சில மாதம் தாங்கியிருக்கும்.

புதிய பின்களுக்கு அலைந்ததை விவரிக்கவில்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். இடது பக்கத்து மரையும் வலது பக்கத்து மரையும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் வெட்டியிருக்கும். கொழும்புக் கடையொன்று இடது என்று ஒட்டி அனுப்பிய பெட்டிக்குள் வலது இருந்தது. அரை நாள் எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தேன். அதைத் திருப்பி அனுப்பி, மச்சானிடமிருந்து வேறொன்று வந்து சேர ஆறு கிழமை.

மாமாவுக்கு நடந்ததைச் சொல்லப் பயந்து பயந்து ஃபோன் எடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பிள்ளைக்கு ஒண்டுமில்லத்தானே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு, தனக்கும் எண்பதுகளில் ஒருதடவை பாதையில் இறக்கும்போது சில்லு மடிந்து, நெல் மூட்டைகளோடு வாவிக்குள் குந்தியது என்று சொன்னார். அதிலிருந்துதான் சனிக்கிழமைதோறும் கிறீஸ் அடிக்கிற பழக்கமாம். நாற்பது வருடத்தில் இதை ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். "வண்டிய விக்கிறவன் இதச் சொல்லுவானா?" என்றார். இருவரும் சிரித்தோம்.

இப்போது சனிக்கிழமை காலையில், புட்டுக்கு முன், ஜாக்கைப் போட்டு முன்பக்கத்தைத் தூக்குகிறேன். சில்லு தொங்க வேண்டும். பாரம் மரையில் உட்கார்ந்திருந்தால் கிறீஸ் ஒரு பக்கமாகத்தான் போகும், தேய்கிற பக்கத்துக்குப் போகாது. மகள் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப, நான் அமுக்குகிறேன். முதலில் விளிம்பில் கறுப்பு பிதுங்கும், பிறகு கறுப்பும் பழுப்பும் கலந்து, பிறகு தேன் நிறத்தில் சுத்தமாக வரும். தேன் நிறம் வந்தால் நிறுத்தலாம். ஆயிரம் மைல் ஓட எனக்கு இரண்டு வருடம் பிடிக்கும், ஒவ்வொரு கிழமையும் இது தேவையில்லை என்று தெரியும். மட்டக்களப்பின் கடற்காற்றுக்குத் தேவை என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஐப்பசியில் சஸிக்குப் பழைய ஒயிலும் பூசியாயிற்று. பளபளத்த கறுப்பின் மேல் பூச முதலில் கை கூசியது.

நசிந்த மட்கார்டைத் தட்டி நிமிர்த்திவிட்டேன், ஆனால் இளம்பச்சை அடிக்கவில்லை. செம்மண் நிற ஒக்சைட்டோடு நிற்கிறது. மிச்சப் பெயின்ற் தகரத்துக்குள் காய்ந்து தோல்போட்டுவிட்டது, புதிதாகக் கலந்தால் நிறம் ஒத்துவராது, இது காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன். இப்போது வருகிறவர்கள் யாரும் புதுசு மாதிரி என்று சொல்வதில்லை. "இதுக்கு என்ன நடந்தது?" என்றுதான் கேட்கிறார்கள். நான் பாதையிலிருந்து தொடங்குகிறேன். மீன் கொண்டுவருகிறவர் ஒருதடவை கேட்டுவிட்டு முக்கால் மணித்தியாலம் நின்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டடியில் மணியை அடிக்கிறாரே தவிர, சைக்கிளை விட்டு இறங்குவதில்லை.